பூப்பந்துக் கை

எங்கள் இறகுப்பந்து அரங்கிற்கு அவர் முதன்முதலாக வந்த காலையில், அவர் மட்டையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தோசை திருப்பியைப் பிடிப்பதுபோல், மட்டையின் முகம் வலையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து விரல்களும் கைப்பிடியை இறுகக் கவ்வியிருந்தன. எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்திவிடும் பிடி அது. நானோ இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் பணம் கட்டி, கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிக்கவும், முன்கையைச் சுழற்றி அடிக்கவும் கற்றுக்கொண்டவன். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஒரு கல்லூரி மாணவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, இரட்டையர் ஆட்டத்தில் என்னையும் என் கூட்டாளியையும் 21-12, 21-9 என்று தோற்கடித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு கேம் போடலாமா தம்பி?" என்று கேட்டார்.

அன்று நாங்கள் எப்படித் தோற்றோம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசியும் எங்களுக்கு விளங்கவில்லை. அவரிடம் வேகமான ஸ்மாஷ் கிடையாது. ஆடுகளத்தில் அவர் அதிகம் ஓடியதாகவும் நினைவில்லை. நடுவில் கால்களை அகட்டி நின்றபடி, முழங்கையை மடக்காமல், கதவைத் தள்ளுவதுபோல் ஷட்டிலைத் தள்ளினார். சில நேரம் அரிவாளால் புல்லை அறுப்பதுபோல் பக்கவாட்டில் ஒரு கட் கொடுத்தார். தள்ளியது என் இடுப்பை நோக்கி வந்தது, அறுத்தது வலையைத் தாண்டியதும் உயிர் போனதுபோல் விழுந்தது. இரண்டில் எது வரப்போகிறது என்பது அவர் கை அசையும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கை அசைந்த பிறகும் தெரியவில்லை.

விடை அடுத்த வாரம் தேநீர்க் கடையில் கிடைத்தது. "நமக்கு ஷட்டில் எல்லாம் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறந்தான் தம்பி. முப்பது வருசம் ஆடினது பூப்பந்துதான். இந்த வலை குட்டையா இருக்கே, எங்க வேணும்னாலும் தட்டலாம்" என்றார். பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆட்டத்தைப் பள்ளி மைதானத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். மற்றவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தஞ்சாவூரில் 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தினரிடையே ஆடப்பட்டு, பிறகு தென்னிந்தியா முழுவதும் பரவிய அந்த ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பேர். களம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. வலையின் உயரம் நடுவில் 183 செ.மீ. இறகுப்பந்து வலையோ நடுவில் 152.4 செ.மீ. மட்டுமே. அங்கே பறப்பது மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆன, 27 அல்லது 28 கிராம் எடையுள்ள பந்து. நம்முடைய ஷட்டில் ஐந்தரை கிராமைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையை, அதற்கேற்ற கனமான மட்டையால், வெட்டவெளியில் காற்றுக்கு ஈடுகொடுத்து அடிக்க வேண்டியிருந்தால் மணிக்கட்டுச் சொடுக்கு உதவாது. தோளும் உடம்பின் எடையும்தான் உதவும். கம்பளிப் பந்தைத் தேய்த்துச் சுழலவிட்டால் அது கைக்கு அடங்காமல் விலகும் என்பதால் 'கட்' அந்த ஆட்டக்காரர்களின் முதன்மை ஆயுதம். ஐவரும் அவரவர் இடத்தைக் காத்து நிற்பதால் ஓட்டத்தைவிடக் கை எட்டுவதே முக்கியம்.

அதாவது, நான் பிழை என்று நினைத்துச் சிரித்த ஒவ்வொன்றும் வேறொரு ஆட்டத்தின் இலக்கணப்படி சரியாகவே இருந்தது.

இருந்தாலும் அவருடைய இலக்கணம் எனக்குப் புரிந்ததனால் புள்ளிகள் வந்துவிடவில்லை. எங்கே இடறுகிறேன் என்று பார்ப்பதற்காக ஒரு நாள் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியின்மேல் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் பதிவு செய்தேன். அதில் கண்டது என் கால்களின் கதை. முறையாகக் கற்றவர்கள் எல்லோரும், எதிராளி அடிக்கும் நொடிக்குச் சற்று முன் கால்களை அகட்டி ஒரு சிறு துள்ளல் துள்ளுவோம். தரையைத் தொடும் அதே கணத்தில் ஷட்டில் போகும் திசை தெரிந்துவிடும். எந்தக் காலை ஊன்றி எந்தப் பக்கம் பாய்வது என்று உடம்பே முடிவு செய்துவிடும். அந்தத் துள்ளலுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது எதிராளியின் முழங்கை பின்னால் போய் மட்டை மேலெழும் அசைவு. இவரிடம் அந்த அசைவே கிடையாது. மட்டை முன்பே முகத்துக்கு நேராக நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் தள்ளப்படும். காணொளியில் நான் ஒவ்வொரு முறையும் சீக்கிரமே துள்ளி, தரையில் இறங்கி, குதிகால் அழுந்தி நின்றுவிட்ட பிறகே அவர் ஷட்டிலைத் தொடுகிறார். பேருந்து நிறுத்தத்தில் கை காட்டிவிட்டுப் பேருந்து வருவதற்குள் கையை இறக்கிவிட்டவனைப்போல் நான் நின்றுகொண்டிருந்தேன். என் கண்களோ ஷட்டிலைப் பார்க்காமல், எதையும் சொல்லாத அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தைவான் வீராங்கனை தாய் சூ-யிங் எதிராளிகளை ஏமாற்றிய விதம் வேறு வகை. ஒரே தயாரிப்பிலிருந்து மூன்று நான்கு விதமான அடிகள் அவரிடமிருந்து புறப்படும். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் கதையை மாற்றும். எதிராளிக்கு வாசிக்க ஏதோ இருக்கிறது, அது பொய்யாகிப் போகிறது. எங்கள் பூப்பந்துக்காரரிடம் வாசிக்கவே ஒன்றும் இல்லை. இரண்டில் எது கொடுமை என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். தாய் சூ-யிங் எதிரில் நிற்கும் தண்டனை எனக்கு வாய்க்கப்போவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த ஆட்டத்தில் முறைக்கு மாறான ஒன்று அளவுக்கு மீறி வெற்றி பெற்றால் சட்டம் குறுக்கே வந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடெக் சகோதரர்கள், ஷட்டிலின் தக்கையில் அடிக்காமல் இறகுப் பகுதியில் மட்டையை உரசவிட்டு ஒரு சர்வீஸ் போட்டார்கள். திக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டு வந்த அதை எடுக்க முடியாமல் பெரிய ஆட்டக்காரர்களே திணறினார்கள். மட்டை முதலில் தக்கையில்தான் பட வேண்டும் என்ற விதியால் அது முடிவுக்கு வந்தது. டென்மார்க்கின் மார்கஸ் ரின்ட்ஷோய் 2023இல் விரல்களால் ஷட்டிலைச் சுழற்றிவிட்டு சர்வீஸ் போட்டபோது, சில வாரங்களிலேயே, அந்த ஆண்டின் மே மாதத்தில், உலகக் கூட்டமைப்பு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் இவையெல்லாம் சர்வீஸ் பற்றியவை. மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே எங்கள் அரங்கில் நான் புகார் கொடுக்க இடமில்லாமல் போயிற்று. (தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே சர்வீஸ் அடிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி ஒரு முறை முணுமுணுத்தேன். அளப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை; அளந்திருந்தால் என்னுடைய சர்வீஸ்தான் மாட்டியிருக்கும் என்றான் என் கூட்டாளி.)

பிறகு செய்ததெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொண்டவை. முதலில் துள்ளலைத் தாமதப்படுத்தினேன். அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஷட்டில் மட்டையில் படும் ஓசைக்குத் துள்ளினேன். நாங்கள் ஆடும் நைலான் ஷட்டிலில் தள்ளும் அடி 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். கட் அடியில் மட்டையின் நரம்புகள் உரசும் மெல்லிய ஓசைதான் வரும். பக்கத்துக் களத்தில் கூச்சல் இல்லாத நாட்களில் அந்த வித்தியாசம் அரை அடி முன்னால் நகரப் போதுமானதாக இருந்தது. அடுத்து, அவரோடு வேகத்தில் போட்டியிடுவதை நிறுத்தினேன். மட்டை முகத்துக்கு நேராக நிற்பவரிடம் தட்டையாக வேகமாக அடிப்பது, அவருடைய வேலையை நாமே செய்து கொடுப்பதாகும். சுவரில் எறிந்த பந்துபோல் அது திரும்பிவிடும்.

அந்தப் பிடியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்கையைச் சுழற்ற முடியாததால், தலைக்குப் பின்னால் போன ஷட்டிலை அவரால் மறுகோடிவரை அனுப்ப முடியாது; அது பாதிக் களத்தில் வந்து விழும். அதிலும் அவருடைய இடது தோளைத் தாண்டிப் பின்மூலைக்குப் போனால் உடம்பையே திருப்பியாக வேண்டும். ஆகவே உயரமாக, ஆழமாக, அந்த மூலைக்கு ஒன்று. அடுத்தது வலையோரம் அவர் கால்மாட்டில் ஒன்று. சொல்வதற்கு எளிது. ஆழமாகத் தூக்க நினைத்து அரைகுறையாகத் தூக்கிவிட்டால் ஷட்டில் நேராக அவருடைய நெற்றிக்கு முன்னால் போய் நிற்கும், அதன்பின் பேச்சே இல்லை. என் பின்கோட்டுத் தூக்கல் இவ்வளவு காலம் எவ்வளவு சோம்பலாக இருந்திருக்கிறது என்பதைப் பயிற்சியாளர் சொல்லி நான் கேட்கவில்லை. இவர் தட்டித் தட்டிக் கேட்க வைத்தார்.

டென்னிஸ் பழகிய ஒருவரோடும், எல்லாவற்றையும் கிரிக்கெட்டின் புல் ஷாட்டாக அடிக்கும் ஒரு பையனோடும் இதற்கிடையில் ஆடினேன். அவர்களுடைய பழக்கங்கள் இரண்டு நாட்களில் பிடிபட்டுவிட்டன, ஏனெனில் மட்டையைப் பெரிதாகப் பின்னால் இழுத்து வருவதால் அடி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்குப் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது கேமில் நாங்கள் 19-17 என்று முன்னிலையில் இருந்தோம். அவருடைய இடது பின்மூலைக்கு ஒரு ஷட்டிலை, என் வாழ்நாளிலேயே மிக நன்றாக, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழும்படி தூக்கினேன். பாதிக் களத்தில் வந்து விழப்போகும் பதிலுக்காக என் கூட்டாளி மட்டையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். அவரோ பின்னால் இரண்டடி நகர்ந்து, எந்தப் பதற்றமும் இல்லாமல் மட்டையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, எங்கள் இருவருக்கும் நடுவே தள்ளிவிட்டார். 19-18. நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து, "பூப்பந்துல ரெண்டு கையும் வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஷட்டிலின் கலைந்த பாவாடையை விரலால் நீவிக்கொண்டே சர்வீஸ் போடப் போனார்.