கெய்னைக் கொஞ்சம் குறையுங்கள்

கிட்டார் வாசிப்பவர்கள் சேலத்தில் எளிதாகக் கிடைப்பார்கள். இரண்டு காலாலும் கிக் டிரம்மை அடிக்க உதவும் டபுள் பெடல் மிதித்துக்கொண்டே, பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளத்தை அடிக்கிற டிரம்மர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதனால் இங்கே ஒரு பிளாக் மெட்டல் குழு, அதாவது அதிவேக டிரம்மும் அலறலும் கொண்ட கடும் ராக் இசைக் குழு, திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் ஒருவரைப் பேசி இழுத்து வருவதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. நல்ல தொடக்கம்தான் அது. ஆடி மாதம் முழுக்க இரவில் தாளம் பிசகாமல் வாசித்துப் பழகிய உடம்பு தாங்கும். வேகத்தை மட்டும் பழக்கினால் போதும்.

அந்த வேகத்தின் கணக்கு இது. தாளம் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 200 தட்டில் ஓடினால், குச்சியால் அடிக்கும் சிறு டிரம்மான ஸ்னேரில் நிமிடத்துக்கு 400 அடி, காலால் மிதிக்கும் கிக்கிலும் 400. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழ வேண்டும். அதே வேகத்தில் ட்ரெமலோ பிக்கிங் செய்யும், அதாவது கம்பியை இடைவிடாமல் மேலும் கீழும் மீட்டும் கிட்டாரிஸ்ட் நொடிக்கு 13 தடவைக்கு மேல் கம்பியைத் தொட வேண்டும். 120-இல் தொடங்கி, இரண்டு நிமிடம் இடைவிடாமல் வாசிக்க முடிந்த பிறகு நான்கு நான்காக ஏற்றுவதே வழி. முன்கை கல்லாக இறுகினால் எட்டு எண் பின்னால் வந்துவிட வேண்டும். இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குச்சியை நெரித்துப் பிடிப்பது. ஸ்னேருக்கு மேல் இரண்டு மூன்று அங்குல உயரம் போதும். கிட்டாரிலும் அப்படியே. கம்பியை மீட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிக், அதன் நுனி மட்டும் கம்பிக்குக் கீழே, அசைவு மணிக்கட்டிலிருந்து. முழங்கையால் அடிப்பவர்கள் ஒரு வேகத்துக்கு மேல் நகரவே மாட்டார்கள்.

பயிற்சி அறைக்குச் சேலத்தின் அம்மாபேட்டை, குகை பக்கம் போவது இயல்பு. விசைத்தறி ஓடும் தெருவில் சத்தம் என்று யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணத் தறி நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஊடை அடிக்கும். சுவர் வழியே வரும் அந்த ஒரே சீரான ‘டக் டக்’ டிரம்மரின் காலை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடும். பாட்டு 170-இல் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்று பதிவைக் கேட்டால்தான் தெரியும். காதுக்குள் ஹெட்போன், அதில் மெட்ரோனோமின் கிளிக் சத்தம். முதல் நாளிலிருந்தே இதைப் பழக்க வேண்டும். இன்னொன்று, நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை அட்டை மலிவாகக் கிடைக்கும், எல்லாரும் சுவர் முழுக்க ஒட்டுவார்கள். அது சத்தத்தை வெளியே விடாமல் தடுக்காது, தீப்பிடித்தால் நொடியில் பரவும். கதவுக்கு அடியில் உள்ள சந்தை அடைத்தாலே வித்தியாசம் தெரியும். சத்தத்தைத் தடுப்பது பொருளின் கனம்.

இனி கிட்டார். இந்த இசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலான குழுக்கள் முதல் ஆண்டை வீணடிப்பதும் இங்கேதான். ஹெவி மெட்டலில் பவர் கார்டு என்றால் ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும். பிளாக் மெட்டலில் மைனர் கார்டு முழுசாக ஒலிக்க வேண்டும், அதாவது சாதாரண காந்தாரமும் கூடவே கேட்க வேண்டும். ஈ மைனரிலிருந்து சி மைனருக்குப் போய்ப் பாருங்கள். ஈ மைனரில் இருப்பவை ஈ, ஜி, பி. சி மைனரில் சி, ஈ ஃபிளாட், ஜி. நடுவில் ஜி அசையாமல் நிற்கிறது; ஈ அரை சுரம் இறங்குகிறது, பி அரை சுரம் ஏறுகிறது. வயிற்றைப் பிசையும் அந்தக் குளிர் முழுவதும் இந்த இரண்டு அரை சுரங்களில்தான் இருக்கிறது. கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பில், கரகரப்பைக் கூட்டும் குமிழான கெய்னைப் பத்துக்கு முறுக்கினால் மூன்று சுரங்களும் மோதி, யாருமே வாசிக்காத அதிர்வெண்கள் முளைக்கும். அவற்றுக்கு அடியில் அந்த அசைவு புதைந்துபோகும். மிஞ்சுவது இரைச்சல். கெய்ன் ஐந்து அல்லது ஆறு, பேஸ் நான்கு, மிட் ஆறு, ட்ரெபிள் ஏழு என்று வைத்துத் தொடங்கலாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டை அறவே குறைத்தால் இனிக்கும். டிரம் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போகும்.

பதிவு கரடுமுரடாக இருந்தால் வாசிப்பும் அப்படி இருக்கலாம் என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. 1994-இல் நார்வேயின் டார்க்த்ரோன் குழு வெளியிட்ட ஆல்பத்தில் இசைக்கருவிகள் எல்லாம் நான்கு தடங்களில் மட்டும் பதியும் வீட்டு நான்கு டிராக் கருவியில் பதிவானவை. அதே ஆண்டு வெளிவந்த மேஹெம் ஆல்பத்தின் பதிவு நடந்தது பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் கச்சேரி அரங்கில். ஒன்று ஏழை ஒலி, ஒன்று பணக்கார ஒலி. இரண்டிலும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, தெளிவாகக் காதில் விழுகிறது.

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் சகஜம். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிபார்க்காமல் அந்த அறையில் ஆம்பை இயக்கக் கூடாது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்பில் தேனீக்கூடு கலைந்ததுபோல ஓர் இரைச்சல் வரும். அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை, சைன் வேவ் வாங்கினால் அடங்கும்.

பாட்டு தமிழில் இருக்கட்டும் என்பேன். நார்வேயின் பனிக்காட்டைச் சேலத்து வெயிலில் நின்று பாடினால் ஒட்டாது. நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. மொழியும் கைகொடுக்கும். அலறலை நீட்ட வேண்டிய இடத்தில் ஆ, ஓ போன்ற நெடில் வேண்டும். பிளாஸ்ட் பீட்டுக்கு மேல் வரும் வரிகளில் க்க, ட்ட, ற்ற என்று வல்லினம் இரட்டித்தால் சொற்கள் தாளத்தில் நறுக்கென்று விழும். நெடிலை வேகத்தில் திணித்தால் வரி வழுக்கிவிடும். தொண்டை வலித்தால் முறை தவறு என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

நான்கு பாட்டு கைக்கு வந்ததும் டெமோவை ஏற்காட்டில் பதிவு செய்யும் ஆசை வரும். கோடை விழா முடிந்ததும் வாடகை இறங்கும், மூடுபனி இறங்கும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வேறு உலகம். போகலாம். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி சுருதி ஏறிவிடும். கிட்டாரை அந்த அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். ஈரத்தில் கழுத்து மரம் ஊறி வளைந்து கம்பி உயர்ந்தால், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டைக் கால் சுற்று இறுக்கி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் அரைச் சுற்றுக்குப் போகாதீர்கள். மரம் விழுந்து கரண்ட் போகும், அதனால் கிட்டாரையும் மைக்கையும் லேப்டாப்பில் இணைக்க, யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ், பேட்டரி முழுக்க ஏற்றிய லேப்டாப்.

பதிவு 24 பிட்டில், ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல். டிரம்முக்கு மேலே தொங்கும் இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு சணல் கயிற்றால் அளந்தாலே போதும். தூரம் மாறினால் ஸ்னேர் சத்தம் சன்னமாகிவிடும். ரிதம் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து ஒட்டினால் அகலம் வராது.

அன்றிரவே மிக்ஸ் செய்யாதீர்கள். காலையில் சாதாரண போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஈ மைனரிலிருந்து சி மைனருக்கு மாறும் இடத்தில் அந்த அரை சுரம் இறங்குவது கேட்கவில்லை என்றால், கெய்னை இன்னும் அரை எண் குறைத்து அந்தக் கிட்டாரை மறுபடி வாசியுங்கள்.