கண்ணாடி பார்க்கும் பேஸ் கலைஞர்

லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டீல் பாந்தர் ராக் இசைக்குழுவினர், 1980களில் இசை விடுதிகள் நிறைந்த சன்செட் ஸ்ட்ரிப் சாலையை ஆண்ட கிளாம் மெட்டல் என்ற ராக் வகையின் சிலுப்பிய தலைமுடியையும் இறுக்கமான பளபளப்பு உடைகளையும் ஆபாசத் தற்பெருமையையும் அப்படியே பூண்டுகொண்டு, அவற்றையே கேலி செய்பவர்கள். பேஸ் வாசித்த லெக்ஸி ஃபாக்ஸ், 2021இல் விலகும் வரை, மேடையிலேயே கைக்கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசிக்கொள்வார். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால், ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் ஃபைட் குழுவில் கிதார் வாசித்த ரஸ் பாரிஷ்தான் இங்கே சாட்செல் என்ற பெயரில் வாசிக்கிறார் என்று அறிந்தபின், அவருடைய தனி வாசிப்புகளை வெறும் பகடியாகக் கேட்க என்னால் இயலவில்லை. (கூத்துக் கட்டியங்காரன் தாளம் தப்பியா ஆடுகிறான்?) பாடல் வரிகள் மட்டும், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஒலிக்கவிடத் தக்கவை அல்ல, நான் ஹெட்ஃபோனில்தான் கேட்கிறேன்.