ஆமோதிக்க ஆளில்லை

மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தாருங்கள் அண்ணை என்று மலர்க்குழுத் தம்பி இரண்டு மாதமாக ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார். வேப்பமரம், பெரிய மணி, பிக் மட்ச் என்று எழுதலாம்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்தால் எனக்கு நேரே ஞாபகம் வருவது டிற்றொயிற்றுக்கு வடக்கே ஒரு கடைத்தொகுதிக்குள் இருந்த தியேட்டர். 2004ஆம் ஆண்டு ஜூலை 3, சனிக்கிழமை இரவு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரவேணும்.

அந்த வருடம் கனடா தினம் வியாழன், அமெரிக்கச் சுதந்திர தினம் ஞாயிறு. நீண்ட விடுமுறை. ரொறன்ரோவிலிருந்து என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர், ஒருவன் கொக்குவில், மற்றவன் உரும்பிராய், 401 நெடுஞ்சாலையில் நாலரை மணித்தியாலம் ஓடி, வின்சரில் பாலம் கடந்து என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தக் கிழமை மிச்சிகனில் எங்கே போனாலும் ஒரே கதை, 'ஃபாரன்ஹீட் 9/11' பார்த்தாச்சோ என்பதுதான். புஷ்ஷையும் ஈராக் போரையும் சாடி அந்தப் படத்தை எடுத்த மைக்கேல் மூர் பிளின்ற் நகரத்தில் பிறந்தவர், எங்கள் வீட்டிலிருந்து பிளின்ற் காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. மே மாதம் கான் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கப்பனை விருது கிடைத்திருந்தது. டிஸ்னி தன் கிளை நிறுவனம் அதை வெளியிடக்கூடாது என்று தடுத்துவிட, வேறு ஆட்கள் எடுத்து வெளியிட்டார்கள். 868 தியேட்டர்களில் தொடங்கி முதல் வார இறுதியிலேயே 23.9 மில்லியன் டொலர். ஓர் ஆவணப்படம் அமெரிக்காவில் அந்த வாரத்தின் முதலாவது படமாக வந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

நாங்கள் போன காட்சிக்கு ஓர் இடமும் மிச்சமில்லை. யாழ்ப்பாணத்தில் ராஜாவிலும் மனோகராவிலும் எம்.ஜி.ஆர். வரும்போது விசிலடித்துப் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்குச் சனம் தியேட்டரில் சத்தம் போடுவது புதினமில்லை. ஆனால் அரசியலுக்குச் சத்தம் போட்டு நாங்கள் பார்த்ததில்லை. இங்கே விளக்கு அணைந்த முதல் நிமிடத்திலிருந்தே சனம் படத்தோடு கதைக்கத் தொடங்கிவிட்டது.

தொடக்கமே 2000ஆம் ஆண்டுத் தேர்தல். நாடு முழுவதையும் எண்ணினால் அல் கோருக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்கு, ஆனால் புளோரிடாவில் புஷ்ஷுக்கு 537 வாக்கு அதிகம், ஜனாதிபதியைத் தீர்மானிப்பது மாநிலங்களின் தேர்வாளர் வாக்கு, புளோரிடாவின் தேர்வாளர் வாக்கு முழுவதும் அங்கே வென்றவருக்கு, ஆகவே அந்த 537தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. அதற்குப் பிறகு வருகிற காட்சியைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. 2001 ஜனவரி 6, அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளும் சேர்ந்திருந்து தேர்வாளர் வாக்குகளை எண்ணுகின்றன. துணை ஜனாதிபதி என்ற முறையில் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் தோற்றுப்போன அல் கோரேதான். பிரதிநிதிகள் சபையிலிருந்து ஒவ்வொருவராக, பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள், எழும்பி வந்து புளோரிடா வாக்கை எதிர்க்கிறோம் என்கிறார்கள். கோர் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்: எதிர்ப்பு எழுத்தில் இருக்கிறதா, ஒரு செனற்றர் கையொப்பமிட்டிருக்கிறாரா? சட்டம் அப்படி. 1887ஆம் ஆண்டுச் சட்டம், சபை உறுப்பினர் ஒருவர், செனற்றர் ஒருவர், இரண்டு கையொப்பமும் இருந்தால்தான் எதிர்ப்பை விவாதத்துக்கு எடுக்கலாம். நூறு செனற்றர்களில் ஒருவர்கூடப் போடவில்லை.

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு கறுப்பினப் பெண்மணி, அறுபது வயது இருக்கும், கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். திரை வெளிச்சத்தில் அந்த விரல்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒருவர் வந்து போக ஒரு விரல், அடுத்தவருக்கு அடுத்த விரல். ஐந்து முடிந்ததும் மற்றக் கையையும் தூக்கினார். செனற்றர் கையொப்பம் இல்லாததைப் பற்றித் தனக்கு அக்கறையில்லை என்று சபை உறுப்பினர் மாக்சின் வோட்டர்ஸ் சொல்ல, விதிகளுக்கு அக்கறை உண்டு என்று கோர் பதில் சொன்ன இடத்தில் தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, கையையும் இறக்கவில்லை.

கொக்குவிலான் என் காதருகே சாய்ந்து, "ஒரு ஆள்கூட ஆமோதிக்க இல்லையோ மச்சான்?" என்று கேட்டான்.

கையொப்பம் என்று அவன் சொல்லவில்லை. ஆமோதிக்க என்றான். அந்தச் சொல்லோடு நான் தியேட்டரை விட்டுப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் காலத்து ஆட்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடமும் உயர்தர மாணவர் ஒன்றியம். தலைவர், செயலாளர், பொறுப்பாசிரியர், தடித்த மட்டைக் கூட்டறிக்கைப் புத்தகம். இன்னார் பிரேரிக்க இன்னார் ஆமோதித்தார் என்று எழுதவேணும். பிரேரணை எவ்வளவு நல்லதென்றாலும் ஆமோதிக்க ஆளில்லாவிட்டால் விவாதமே கிடையாது. தலைவர் மூன்று முறை கேட்பார், பிறகு கைவிடப்படுகிறது என்று சொல்லுவார், அவ்வளவுதான்.

1981. யாழ் நூலகம் எரிந்து சில கிழமைகள்தான். 97,000 புத்தகம் போய்விட்டது. வேறு பள்ளிக்கூடங்களில் நூலகமே இல்லாத பெடியள் அங்கே போய்த்தான் சோதனைக்குப் படித்தவர்கள். எங்கள் பள்ளிக்கூட நூலகத்தைச் சனிக்கிழமைகளில் அந்தப் பெடியளுக்கும் திறந்துவிடவேணும் என்று ஒரு பிரேரணை கொண்டுவரப்போவதாகக் கொக்குவிலான் முதல்நாள் சைக்கிளில் வரும்போதே எனக்குச் சொல்லியிருந்தான். நல்லதடா என்று நானும் சொன்னேன். அடுத்த நாள் அவன் எழும்பி வாசித்தான், நன்றாகத்தான் வாசித்தான். பொறுப்பாசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. ஆமோதிப்பவர் யார் என்று தலைவர் கேட்டார். நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். என் கையில் மாமா வாங்கித் தந்த ஹீரோ பேனை. இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். நான் எழும்பவில்லை. அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். வீட்டுக்குப் போகும்போது இருவரும் சைக்கிளில் சேர்ந்துதான் போனோம், அவன் கிரிக்கெட் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தான், நானும் அதைப் பற்றியே கதைத்தேன்.

23 வருடம் கழித்து மிச்சிகனில் அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சப் படத்தையும் சொல்லத்தான் வேணும். நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழும் இடத்தில் திரை முழுக்கக் கறுப்பு, சத்தம் மட்டும். அவ்வளவு நேரமும் கதைத்துக்கொண்டிருந்த சனம் மூச்சுக்கூட விடவில்லை. புளோரிடா வகுப்பறையில் புஷ் செய்தி கேட்ட பிறகும் ஏழு நிமிடம் கதிரையில் இருக்கும் காட்சியில் ஒரு தம்பதி எழும்பி வெளியே போனார்கள், போகும்போது அந்த மனுசன் திரையைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொல்ல, பின் வரிசையிலிருந்து பதில் சத்தம் வந்தது. பிளின்ற் கடைத்தொகுதியில் மரைன் ஆட்சேர்ப்பு அதிகாரிகள் வேலையில்லாத இளம் பெடியளைத் தேடித் திரிந்த காட்சி வந்தபோது அது எங்கே எந்த வாசல் என்றுகூடப் பலருக்குத் தெரிந்திருந்தது, பெயர் சொல்லிக் குசுகுசுத்தார்கள். ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த பிளின்ற் நகரத்துத் தாய் அவனுடைய கடைசிக் கடிதத்தை வாசித்த நேரம் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த, வியட்நாம் போருக்குப் போய்வந்தவர் என்று தொப்பியில் எழுதியிருந்த பெரியவர், அந்தத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை அதைத் திரும்பப் போடவில்லை. முடிந்து எல்லாரும் எழும்பிக் கைதட்டியபோது அவர் தட்டவுமில்லை, எழும்பவுமில்லை.

வாசலில் ஒரு பெண்பிள்ளை பலகைமட்டையில் படிவங்களோடு நின்று வருகிற எல்லாரையும் வாக்காளராகப் பதிந்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கிறீன் கார்ட்தான், வாக்கில்லை என்றேன். "அடுத்த முறைக்கு வாங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். விரல்விட்டு எண்ணிய அந்த அம்மா அவளோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு எங்கள் வீட்டு முற்றத்தில் பெரிய வாக்குவாதம். உரும்பிராயானுக்குப் படம் பிடிக்கவில்லை. "இது பிரச்சாரம் மச்சான், போருக்கு முந்தின ஈராக்கில பிள்ளையள் பட்டம் விடுறதைக் காட்டினவர், சதாம் செய்த கொலையை ஏன் காட்ட இல்லை?" என்றான். அது நியாயமான கேள்வி, சவூதி அரச குடும்பத்தைப் பற்றிய பகுதியிலும் சாட்டுவது கூட, நிறுவுவது குறைவு என்றுதான் நானும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கொக்குவிலான் விடவில்லை. பட்டம் விட்ட பிள்ளைகள் மேல் குண்டு விழுந்தது பொய்யோ, எங்களுடைய பிள்ளைகளும் பட்டம் விட்டவர்கள்தானே என்று கேட்டான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு உரும்பிராயானே சொன்னான்: "82இல சர்வசன வாக்கெடுப்பு வைச்சு, விளக்கோ குடமோ எண்டு கேட்டு, எலெக்சனே இல்லாமல் பாராளுமன்றத்தை ஆறு வருசத்துக்கு நீட்டினாங்கள். எங்கட அப்பா நீட்ட வேண்டாமெண்டு குடத்துக்குப் போட்டிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தவர். அதைப் பற்றி ஒரு படம் எடுத்து, ரிக்கற் வித்து, சனம் சத்தம் போட்டுப் பார்க்க ஏலுமே அங்க? இவங்களுக்கு ஏலுது. அந்த அளவில சரி."

நவம்பரில் புஷ் திரும்பவும் வென்றார். ஒஹையோவில் ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம் அளவு வித்தியாசம். கைதட்டிய சனத்தின் கைதட்டல் தேர்தலை மாற்றவில்லை. ஆனால் 2005 ஜனவரி 6 அன்று ஒஹையோ வாக்கைச் சபை உறுப்பினர் ஸ்ரெஃபனி ரப்ஸ் ஜோன்ஸ் எதிர்த்தபோது கலிபோர்னியாச் செனற்றர் பார்பரா பொக்சர் கையொப்பமிட்டார். செனற்றில் 74க்கு 1 என்று தோற்றது. அந்த ஒன்று அவர்தான். கொக்குவிலான் அன்று ரொறன்ரோவிலிருந்து எடுத்து, "மச்சான், ஒருத்தி எழும்பிட்டாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் 2007இல் குடியுரிமை எடுத்தேன், 2008இல் முதல் வாக்கு.

இனி 2021 ஜனவரி 6. டிரம்ப் தோற்றதை ஏற்காத கும்பல் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்ததைப் பகலிலேயே எல்லாரும் பார்த்தீர்கள், அதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. இரவு கூட்டம் மீண்டும் தொடங்கியபோது நானும் மகளும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம், கொக்குவிலான் ரெலிபோனில். அரிசோனாவுக்கு வந்த எதிர்ப்பில் செனற்றர் கையொப்பம் இருந்தது. விவாதித்துத் தோற்கடித்தார்கள். நள்ளிரவு நெருங்க மிச்சிகன் வந்தது. என்னுடைய மாநிலம், 16 தேர்வாளர் வாக்கு, 154,000 வித்தியாசத்தில் பைடன் வென்ற இடம், அதில் என்னுடைய வாக்கும் மகளுடைய வாக்கும் இருக்கிறது. ஜோர்ஜியாவைச் சேர்ந்த ஒரு சபை உறுப்பினர் எழும்பி மிச்சிகன் வாக்குகளை எதிர்க்கிறேன் என்றார். தலைமை தாங்கிய துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் கேட்டார்: எழுத்தில் இருக்கிறதா, ஒரு செனற்றர் கையொப்பமிட்டிருக்கிறாரா?

இல்லை என்றார் அவர்.

அதே கேள்வி. 2004இல் எந்தக் கேள்வியைக் கேட்டு எங்களுக்கு வயிறு எரிந்ததோ அதே கேள்விதான் இப்போது என் வாக்கைக் காப்பாற்றியது. எங்களுக்கு அப்போது அநியாயமாகத் தெரிந்த கதவுக்குப் பின்னால் இப்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மகள் அந்தப் படத்தைக் கல்லூரியில் பார்த்திருந்தாள். "அப்பா, அவையும் இப்பிடித்தானே எழும்பினவை, நீங்கள் அவைக்காகத்தானே கவலைப்பட்டனீங்கள்?" என்று கேட்டாள். ஓம், அவர்களுக்காகத்தான். புளோரிடாவில் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்பட்ட ஆட்களுக்காக அவர்கள் எழும்பினார்கள். டிரம்ப் பக்கத்து இவர்கள் அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தோற்ற பிறகும் எழும்பினார்கள். எனக்கு அது இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விதிக்கு ஒன்றுதான் என்று அவளுக்குச் சொன்னேன், சொல்லும்போதே எனக்கு அது இலேசாக இருக்கவில்லை. 2022 டிசம்பரில் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையொப்பமிட்டால்தான் எதிர்ப்பு எடுபடும் என்று ஆக்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் துணை ஜனாதிபதி கமலா ஹரிஸ், கோரைப் போலவே, தான் தோற்ற தேர்தலின் எண்ணிக்கைக்குத் தலைமை தாங்கினார். ஒருவரும் எதிர்க்கவில்லை, அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

அந்த இரவுக்கே திரும்பி வருகிறேன். மிச்சிகனை எண்ணிச் சேர்த்ததும் ரெலிபோனில் கொக்குவிலான், "ஆமோதிக்க ஆளில்லை, கைவிடப்படுகிறது" என்றான், எங்கள் ஒன்றியத் தலைவருடைய அதே குரலில். நாற்பது வருடம். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. மச்சான், அண்டைக்கு நான் எழும்பியிருக்க வேணும், நூலகப் பிரேரணைக்கு, என்று சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ அந்தப் பேனை மூடியைக் கழட்டிக் கழட்டிப் பூட்டிக்கொண்டிருந்தனி," என்றான். "மூண்டு தரம் கேக்கும்வரைக்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது."

பிறகு பென்சில்வேனியா வந்தது. விடியக்காலை 3:40க்கு எல்லாம் முடியும்வரை இரண்டு பேரும் ரெலிபோனை வைக்கவில்லை.