சார்ஜ் நிக்கவே மாட்டேங்கு

அம்பாசமுத்திரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. போன மாசம் ஒரு பிள்ளை வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். பீடி சுற்றுகிறவள் என்பது நகக்கண்ணில் ஏறியிருந்த தூளைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணாச்சி, சார்ஜ் நிக்கவே மாட்டேங்கு. சும்மா வச்சிருந்தாலும் சுடுது. பேட்டரி மாத்தணுமான்னு பாருங்க."

வாங்கி நாலு மாசம்தான் ஆன போன். பேட்டரி அதற்குள் போகாது. எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் மேலே 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று, பல்சக்கரப் படத்தோடு. அந்த மாடலில் கம்பெனி போட்டு அனுப்புகிற ஆப்கள் எனக்கு மனப்பாடம். இது அதில் இல்லை. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி போய்ப் பார்த்தேன். அங்கே அதற்கு அனுமதி ஆனில் இருக்கிறது. போனையே கட்டுப்படுத்த உரிமை பெற்ற ஆப்களின் டிவைஸ் அட்மின் பட்டியலிலும் இருக்கிறது. கெட்ட ஆப்களைத் தேடிப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட்டை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும், இது உளவு ஆப் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அக்சஸிபிலிட்டி என்பது கண் தெரியாதவர்கள் மாதிரி உடல் குறை உள்ளவர்களுக்காக வந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டுமென்றால், திரை முழுவதையும் அந்த ஆப் பார்த்தாக வேண்டும். அதே அனுமதியை ஒரு உளவு ஆப்புக்குக் கொடுத்துவிட்டால், வாட்ஸ்அப்பின் என்கிரிப்ஷனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பூட்டு செய்தி போகிற வழிக்குத்தான். படிப்பதற்காக நாம் திறந்த பிறகு, நம் தோளுக்குப் பின்னால் நின்று அதுவும் படிக்கிறது.

மைக் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று போனை முதலில் அணைத்தேன். பிறகுதான் கேட்டேன்.

"போன் யாரும்மா வாங்கித் தந்தாவ?"

"எங்க வீட்டுக்காரவியதான். மெட்ராஸ்ல பலசரக்குக் கடைல நிக்காவ. பொங்கலுக்கு வரும்போது எல்லாம் செட் பண்ணிக் கொண்டாந்தாவ."

விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க மைனிட்ட பேசுனதை ஒரு வார்த்தை மாறாமச் சொன்னாவ அண்ணாச்சி. மைனிதான் போட்டுக் குடுத்துட்டான்னு நெனச்சேன். மூணு மாசமா அவட்ட பேசலை."

இதை எழுத உட்கார்ந்ததே அந்த மூன்று மாசத்துக்காகத்தான். ரகசியம் வெளியே போவது ஒரு நஷ்டம். அதைவிட, யார் சொல்லியிருப்பார்கள் என்று உள்ள சொந்தத்தை எல்லாம் சந்தேகப்பட வைக்கிறதே, அது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். 2022இல் ஒருவர் தன் மகளின் போனைக் கொண்டு வந்தார். பிள்ளை பாளையங்கோட்டையில் படிக்கிறாள். "காலம் கெட்டுக் கிடக்கு, ஒரு பாதுகாப்புக்கு" என்றார். பெத்த தகப்பன் கேட்கிறார் என்று பத்து நிமிஷத்தில் அப்படி ஒரு உளவு ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன், ஐந்நூறு ரூபாய் வாங்கினேன். சில மாசம் கழித்து அந்தப் பிள்ளை கடைக்கு வந்து, "நீங்கதானா போட்டிய?" என்று மட்டும் கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு யார் கேட்டாலும் போடுவதில்லை.

சட்டம் இதில் ஒன்றும் சொல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அவள் போன் அழைப்பு விவரங்களை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்க மறுத்தார். புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அதை அரசாங்கங்களுக்குத்தான் விற்கிறது. லிங்க்கைத் தொடாமலே உள்ளே வரக்கூடியது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகச் சுமார் 1,400 போன்களைக் குறி வைத்தது. கடைக்காரன் கண்ணில் அது படாது. என் மேசைக்கு வருவது இரண்டே வகை: வீட்டு ஆள் கையில் வாங்கிப் போட்டது, அல்லது கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் கோப்பு. இரண்டாவது, எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதியை வாங்கி ஓடிபியைத் திருடும். பணம் போனால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

முதல் வகைக்கு அவசரம் ஆகாது. பீடி சுற்றுகிற அந்தப் பிள்ளை கேட்டாள்: "எடுத்தா அவியளுக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்மா. அங்க தகவல் வாரது நின்னுரும்லா."

கோபத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அதனால் நான் எடுக்கவில்லை. அந்தத் திரைகளை, அணைக்கும் முன்பே என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். உதவி வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசு, இந்தப் போனிலிருந்து மட்டும் பேசாதே என்றேன். நம் வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும் லிங்க்டு டிவைசஸ், நாம் இருக்கும் இடம் யாருக்குப் போகிறது என்று காட்டும் கூகுள் மேப்ஸின் லொகேஷன் ஷேரிங், இரண்டும் எங்கே இருக்கும் என்று என் போனிலேயே காட்டிக்கொடுத்தேன். இந்த வழியில் வேவு பார்க்கத் தனி ஆப்பே தேவையில்லை. ஒரு நிமிஷம் போன் கையில் கிடைத்தால் போதும். போனைத் திரும்ப ஆன் பண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது நாள் கழித்து வந்தாள், மைனியோடு. "எடுத்துருங்க அண்ணாச்சி, பேச வேண்டியதை அவியகிட்ட நாங்க பேசிக்கிடுதோம்" என்று சொன்னதே மைனிதான். பிள்ளைகள் படத்தை மட்டும் மெமரி கார்டில் ஏற்றிவிட்டு, அட்மின் அனுமதியை நீக்கி, போனை முழுசாக ரீசெட் அடித்தேன். பழைய ஜிமெயில் அவர் உருவாக்கியது, பாஸ்வேர்டும் அவரிடம். அதனால் புதிதாக ஒன்று தொடங்கினோம்.

பின் நம்பர் போடச் சொல்லி நீட்டினேன். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். மைனியும் கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். "போட்டாச்சு" என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.