முற்றிய வெண்டை

"பறிக்க மனசே வரலைப்பா, பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு" என்றார் மாம்பலம் வீட்டு அம்மா.

மொட்டை மாடியில் செடிக்குச் செடி சாண் நீள வெண்டைக்காய். நுனியை ஒடித்துப் பார்த்தேன். வளைந்ததே தவிர ஒடியவில்லை. எல்லாம் இனி விதைக்குத்தான்.

வெண்டையோடு இதுதான் சிக்கல். பூத்த 5, 6 நாளில் காய் பதமாகிவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். விட்டால் செடி விதையை முற்றவைப்பதில் இறங்கிவிடும், புதுக் காய் குறையும்.

அடுத்தவர் மாடியில் காய்கறி வளர்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து பை நிரப்புவது, ஆடியில் விதைப்பது, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிப்பது எல்லாம் சம்பளத்தில் சேர்த்தி. பறிப்பது மட்டும் வீட்டுக்காரர் வேலை. பாதித் தோட்டம் வீணாவது அங்கேதான்! செடி வாடினால் உடனே போன் வரும். காய் முற்றினால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள்.

அதனால் இப்போதெல்லாம் விதை வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: தினமும் மாடியேற ஆள் உண்டா?

உண்டென்றால் வெண்டை, கொத்தவரை. இல்லையென்றால் மிளகாய். மறந்துபோய்ப் பழுத்தாலும் காயவைத்து வற்றலாக்கிக்கொள்ளலாம்.