பினாயில் வாசம் வராத வார்டு

மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் பல வருடம் ஐ.சி.யு. நர்ஸாக இருந்தேன். இப்போது கோவையில் நாய், பூனைகளுக்கான தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்சிங் இன்சார்ஜ். சொந்தபந்தங்கள் இன்னும் "நாய் ஆஸ்பத்திரிக்கா போயிட்டே?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்கிறார்கள். ஆமாம், நாய் ஆஸ்பத்திரிதான். வென்டிலேட்டர் இருக்கிறது, ஆக்சிஜன் கூண்டு இருக்கிறது, எக்கோ மெஷின் இருக்கிறது. ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது மெஷின் வேலை இல்லை. அதைச் சுற்றி நிற்கிற ஆட்களைத் தயார் பண்ணுகிற வேலை.

அந்த ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதிலேயே கதை ஆரம்பித்துவிடுகிறது. கால்நடை மருத்துவருக்கு 1984-ஆம் வருடச் சட்டப்படி கவுன்சில் பதிவு உண்டு. பக்கத்தில் நின்று நாயைப் பிடிக்கிறவர், டிரிப்ஸைப் பார்க்கிறவர், ராத்திரி முழுக்க கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர், இவர்களுக்கு நர்ஸ்களுக்கு இருப்பதுபோல நாடு முழுவதற்குமான ஒரு பதிவேடு இங்கே இல்லை. பிரிட்டனில் வெட்டரினரி நர்ஸ் என்றால் படிப்பு, தேர்வு, பதிவு எல்லாம் உண்டு. இங்கே பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவன் வந்து, "நாய்னா எனக்கு உயிருங்க சிஸ்டர்" என்பான். பாசம் நல்லதுதான். ஆனால் ஈறு எப்போது வெளுத்தது என்று பாசம் சொல்லித் தராது.

நான் வந்ததும் முதலில் கை வைத்தது பினாயிலில். எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அந்த வாசம் வந்தால்தான் தரை துடைத்த மாதிரி. நாயைக் கூட்டி வருகிறவர்களுக்கும் அப்படித்தான். கறுப்பு பினாயிலில் இருப்பவை தாரிலிருந்து வருகிற ஃபீனால் வகைகள். வெள்ளை பினாயிலில் பைன் எண்ணெய். இரண்டுமே பூனைக்கு ஆகாது. இந்த மாதிரிப் பொருள்களை நம் கல்லீரல் உடைத்து வெளியே தள்ளிவிடும்; பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சாமர்த்தியம் மிகக் குறைவு. காய்ச்சல் என்று வீட்டில் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்த பூனை மூச்சு வாங்கிக்கொண்டு நம்மிடம் வருவதும் இதே காரணத்தால்தான். ஈரத் தரையில் நடக்கும், அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கும். பூனை பொல்லாத சுத்தக்காரி.

"அப்ப நாய் வார்டுல போட்டுக்கறேனுங்க" என்றார் அக்கா. அங்கே வேறு தொல்லை, பார்வோ. குட்டி நாய்களுக்கு ரத்தபேதியும் வாந்தியுமாக வருமே, அது. அந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் பினாயில், ஸ்பிரிட், கைக்குத் தடவுகிற சானிடைசர் எதற்கும் அது அசைந்து கொடுக்காது. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு வருடம் தாண்டியும் கிடக்கும். அதைக் கொல்ல ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற பிளீச் திரவம், வேண்டும். ஹைப்போவும் அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஐந்து சதவீத ஹைப்போவில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஆசிட்டோடு சேர்த்துவிட்டால் விஷ வாயு வரும் என்பதை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

இந்தப் பத்து நிமிடம் என்பதுதான் கஷ்டம். துடைத்ததும் காய வேண்டும், அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்று பழகிய கை. அக்கா இப்போது செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவசரமாக உள்ளே நுழையப் பார்த்த டாக்டரையே ஒரு நாள் தடுத்துவிட்டார். என்னைக் கேட்டால் எங்கள் மருத்துவமனையின் உயர்சிகிச்சை அந்த மாப் கட்டையில் ஆரம்பிக்கிறது. பார்வோ அறைக்குப் போகிறவர் அந்த ஷிஃப்டில் தடுப்பூசி அறைப் பக்கமே வரக்கூடாது என்பதும் சட்டம். சுகமாக இருக்கிற குட்டிக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் செருப்புதான்.

அடுத்தது பிடிக்கிற வித்தை. வேலைக்குச் சேருகிற யாரும் ஒரு பிராணியைத் தொடுவதற்கு முன் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி போட்டாக வேண்டும்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். "கடிச்சாத்தானே போடணும்?" என்று கேட்காதவர்களே இல்லை. நாய் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் கையுறை இல்லாமல் கூண்டைக் கழுவக்கூடாது. இதெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவேன். நேரம் எடுப்பது பூனை.

பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்குவது என்பது நம் ஊரில் பரம்பரையாக வருகிற பழக்கம். தாய்ப்பூனையே அப்படித்தானே தூக்குகிறது என்பார்கள். தாய் தூக்குவது சில வாரக் குட்டியை. நாம் தூக்குவது நாலரைக் கிலோ கடுவனை. பயந்துபோன பூனையைப் பிடரியில் அமுக்கினால் அடங்கியதுபோல் தெரியும். உள்ளே இதயம் தாறுமாறாக ஓடும். நான் சொல்லித் தருவது துண்டு வித்தை. கூடையின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியிலேயே பூனை உட்கார்ந்திருக்க, குளியல் துண்டை மேலே போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு மடிப்பு, பக்கவாட்டில் ஒரு மடிப்பு. ஊசி போட வேண்டிய முன்னங்கால் மட்டும் வெளியே. அந்தக் காலில் முடியை மழித்தால் நரம்பு நீலமாகத் தெரியும். டிரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியில் 24 நம்பர் போதும். ஆள் அதிகமானால் பூனை மிரளும், அதனால் அறையில் இரண்டு பேர்தான். பேச்சும் வேண்டாம்.

மயக்க மருந்து கொடுத்த பிராணியைக் கவனிப்பதுதான் என் பாடத்தில் பாதி. 2008-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றை எல்லோருக்கும் சொல்வேன். கிட்டத்தட்ட 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் வைத்துப் பார்த்தார்கள். மயக்க மருந்து தொடர்பான மரணம் நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். எனக்கு முக்கியம் இந்த எண்கள் இல்லை, அந்த மரணங்கள் நடந்த நேரம். இறந்த பூனைகளில் 60 சதவீதத்துக்குமேல், நாய்களில் பாதியை ஒட்டி, ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்திருக்கின்றன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது தையல் போட்டாகிவிட்டது, டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார், மானிட்டரைப் பிடுங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது அந்தப் பிளஸ் டூ தம்பி.

போன மே மாதம் ஒரு பக் நாய்க்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு, மயக்கத்தில் மூச்சுவிடத் தொண்டை வழியாகப் போட்ட குழாயைச் சீக்கிரம் உருவிவிடக் கூடாது. அண்ணம் நீளம், தொண்டை குறுகல். குழாய் வெளியே வந்த நொடியில் சதை சரிந்து வழியை அடைத்துவிடும். அன்றைக்குக் காத்திருப்பில் இன்னும் இரண்டு ஆபரேஷன். டேபிள் வேண்டும் என்று டாக்டர் அவசரப்படுகிறார். எங்கள் பொள்ளாச்சித் தம்பி நாயின் தலைமாட்டில், அதைக் குப்புறப் படுக்கவைத்து, தாடைக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தபடி நிற்கிறான். நாக்கில் ஆக்சிஜன் கிளிப். 97, 98 என்று ஓடுகிறது.

"டியூபை எடுத்துடலாம்ப்பா."

"இன்னும் முழுங்கலீங்க சார்."

"கண்ணு முழிச்சிருச்சே."

"முழுங்கட்டுங்க சார். ரெண்டு வாட்டி முழுங்குனாப்புறம் எடுத்துக்கலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். அந்த நாய் தலையைத் தூக்கி, குழாயை மெல்லுகிற நிலைக்கு வந்த பிறகுதான் தம்பி அதை உருவினான். உருவின பிறகும் கால் மணிக்கு ஒருமுறை ஆசனவாயில் தெர்மாமீட்டர், ஈறின் நிறம், ஈறை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்துச் சார்ட்டில் எழுதினான். சாயங்காலம் டாக்டர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இந்த மாதிரி "இல்லீங்க சார்" சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வருவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கிறது தெரியுமா? கிளிப் மாட்டச் சொல்லித் தருவது ஒரு மத்தியானத்து வேலை. இது அப்படி இல்லை. மனிதர்கள் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான், கொஞ்சம் சம்பளம் கூட, அவ்வளவுதான்.

வலியைக் கண்டுபிடிப்பதும் அப்படி. நாய் முனகும், நொண்டும். பூனை ஒன்றும் சொல்லாது. கூண்டின் மூலையில் ரொட்டித்துண்டு மாதிரி சுருங்கி உட்கார்ந்திருக்கும். "சமத்தா இருக்குங்க" என்று நைட் டியூட்டி பையன் எழுதி வைப்பான். 2019-இல் கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்க ஒரு முறை வெளியிட்டார்கள். காது, கண், மூக்குவாய்ப் பகுதி, மீசை, தலையின் நிலை என்று ஐந்து; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு நாலு வந்தால் வலி மருந்து பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும். காது இரண்டும் பக்கவாட்டில் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, கண் பாதி மூடி இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்து முன்னால் நீட்டுகிறதா, தலை தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா. படங்களை பிரிண்ட் எடுத்துக் கூண்டுக் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது "சமத்து" என்ற சொல் எங்கள் சார்ட்டில் தடை.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பப் பார்ப்பது. அந்தப் பயிற்சிக்கு டவுன்ஹால் பக்கம் வாங்கிய பெரிய டெடி பொம்மை. நாய்களுக்கும் பூனைகளுக்குமான 'ரெக்கவர்' என்கிற சி.பி.ஆர். வழிகாட்டி 2012-இல் வந்தது, 2024-இல் புதுப்பித்தார்கள். பக்கவாட்டில் கிடத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். புல்டாக் மாதிரிப் பீப்பாய் மார்பு என்றால் மல்லாக்கப் போட்டு நெஞ்செலும்பின் மேல் அழுத்த வேண்டும். பூனைக்கு ஒரு கையே போதும். ஆரம்பத்தில் பொம்மையைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு நிமிடத்தில் கை ஓய்ந்ததும் சிரிப்பு நின்றுவிடும். இதயம் நின்ற பிராணிகளில் பெரும்பாலானவை திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மயக்க மருந்தில் இருக்கும்போது நின்றால் மட்டும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ஏனென்றால் குழாயும் டிரிப்ஸும் ஏற்கெனவே போட்டிருக்கும், ஆளும் பக்கத்திலேயே இருப்பார்.

ஊரில் சில இடங்களில் "24 மணி நேர ஐ.சி.யு." என்று போர்டு இருக்கும். பெயர் வேண்டாம். அப்படி ஓரிடத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு, சொந்தக்காரர் நாய்க்காக நானே போன் செய்தேன். எடுத்தவர் வாட்ச்மேன். "டாக்டர் காலைல ஒம்பதுக்கு வருவாருங்க. டிரிப்ஸ் ஓடிட்டுத்தான் இருக்குது" என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன. உங்கள் பிராணியை ராத்திரி தங்கவைக்க நேர்ந்தால், எத்தனை மெஷின் என்று எண்ணாதீர்கள்; ராத்திரி யார் விழித்திருப்பார், எத்தனை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுவார் என்று கேளுங்கள். சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஒரே பேனாவில், ஒரே எண் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

எங்களிடமும் குறை இல்லாமல் இல்லை. சொல்லிக்கொடுத்துத் தேறிய பையன்களை இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்துப் பக்கத்துக் கிளினிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஸ்கேன் மெஷினுக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிற மாதிரி சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள் என்று முதலாளியிடம் சொல்லி வாய் வலிக்கிறது. போன மாதம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். இப்போதைக்கு ராத்திரிக்கு இரண்டு பேர். மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கோவைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அனுபவம் தேவையில்லை, ஊசிக்குப் பயம் இருக்கக்கூடாது, ஏனென்றால் முதல் நாள் ஊசி உங்களுக்குத்தான்.