பேப்பர் கிளிப்பும் ஊதா ஸ்பிரிங்கும்: நோவா 350 அப்டேட்

கார்புரேட்டர் (இன்ஜினுக்குக் காத்தையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்குற பார்ட்) மாத்துன என் செவ்ரோலெட் நோவா கார், நேத்து சாயங்காலம் ஒருவழியா இழுத்துடுச்சு. முழுசா மிதிச்சா சத்தம் மாறி, கார்புரேட்டரோட பின்னாடி ரெண்டு பேரலும் (காத்து போற குழாய்; பின்னாடி ஜோடிக்குப் பேர் செகண்டரி) திறக்குறது சீட்லயே தெரியுது. ஆறு வாரமா பெட்ரோல் வாசனையோட வீட்டுக்குள்ள போய் வாங்கிக் கட்டிக்கிட்டவனுக்கு இதை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்.

வண்டி 1972 நோவா, 350 கன இன்ச் ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின், பழைய சிலிண்டர் ஹெட், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். என்கிட்ட வந்தப்ப டூ பேரல் ரோச்செஸ்டர் கார்புரேட்டரும், அதுக்கு அடியில இரும்பு இன்டேக்கும் (கலவைய சிலிண்டர்களுக்குப் பிரிச்சு விடுறது) இருந்துச்சு. அந்த இரும்பைத் தூக்குனதுல இடுப்பு புடிச்சதுதான் மிச்சம்.

முதல் தப்பு என்னோடதுதான். இங்க டெட்ராய்ட் பக்கம் ஒரு ஸ்வாப் மீட்ல (பழைய பார்ட்ஸ் சந்தை) 750 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து போகும்ங்கற அளவு) டபுள் பம்பர் (ரெண்டு ஆக்சிலரேட்டர் பம்ப் வச்ச ஃபோர் பேரல்) கார்புரேட்டர் சல்லிசா கிடைச்சுது, பெருசு நல்லதுன்னு தூக்கிட்டு வந்துட்டேன், கணக்கே போடல. 350ஐ 5500 ஆர்பிஎம்மால பெருக்கி 3456ஆல (ஃபார்முலால வர்ற எண்) வகுத்தா 557 சிஎஃப்எம் வருது, அதுவும் சிலிண்டர் நூத்துக்கு நூறு நிரம்புனா. என்னோட மாதிரி சாதா இன்ஜினுக்கு 85 சதவீதம்னு வச்சா 473தான். 750 வென்சுரில (பேரலோட குறுகலான கழுத்து) காத்து சோம்பேறித்தனமா போகும், பெட்ரோலை உறிஞ்சுற வேகம் இருக்காது. போதாக்குறைக்கு டபுள் பம்பர்ல நாம மிதிச்ச உடனே லீவர் செகண்டரியத் திறந்து விட்டுடும், இன்ஜினுக்கு வேணுமா வேணாமான்னு கேக்காது. சிக்னல்ல மிதிச்சா ஒரு செகண்ட் செத்து அப்புறம்தான் உயிர் வரும். பிளக் எல்லாம் கரி.

(இந்த சிஎஃப்எம் கணக்குல இன்னொரு கூத்து இருக்கு. ஃபோர் பேரலை 1.5 இன்ச் வேக்கம்ல அளப்பாங்க, டூ பேரலை 3 இன்ச்ல. அதனால 500னு போட்ட டூ பேரல், ஃபோர் பேரல் கணக்குல 350 சொச்சம்தான். பூக்காரம்மாவுக்கு ஒரு முழம், நமக்கு ஒரு முழம் கதைதான்.)

750ய வித்துட்டு ஹோலி கம்பெனியோட 600 சிஎஃப்எம் கார்புரேட்டர் வாங்குனேன், வேக்கம் செகண்டரி (காத்தோட்டம் கூடுனாத்தான் செகண்டரி திறக்கும்), எலக்ட்ரிக் சோக். இன்டேக்குக்கு எடல்பிராக் பெர்ஃபார்மர், டூயல் பிளேன் (ரெண்டு தட்டா பாதை பிரிச்ச) வகை. பெர்ஃபார்மர் ஆர்பிஎம் மேலதான் ஆசை, ஆனா அது 1500ல இருந்து 6500 ஆர்பிஎம் வரைக்கும்னு செஞ்சது, என் கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறந்து மூடுறது) 5000 தாண்டுனாலே மூச்சு வாங்கும். உயரமும் ஜாஸ்தி, பானெட் இடிக்குமோன்னு பயம். பெர்ஃபார்மரை மாட்டிட்டு, ஏர் கிளீனர் மேல சப்பாத்தி மாவு உருண்டை வச்சு பானெட்டை மூடித் திறந்தேன். மாவு சரியா எட்டு நூல் கனத்துக்கு நசுங்கி இருந்துச்சு, அதாவது ஒரு இன்ச் இடம். மாவு எங்க போச்சுன்னு வீட்ல இன்னும் விசாரணை நடக்குது.

இதுக்கு நடுவுல ஆன்லைன்ல வாங்குன ஒரு இடத்துல வோர்டெக் ஹெட்டுக்கான (பிற்காலத்து ஹெட்) இன்டேக் கேஸ்கெட்டை அனுப்பிட்டாங்க. அதுல எட்டு போல்ட், என்னோடதுல பன்னெண்டு. ரெண்டு தடவை போட்டோ அனுப்பியும் "கரெக்ட் பார்ட்தான் சார்"னு சாதிச்சாங்க. விட்டுத் தொலைச்சு நேர்ல கடைக்குப் போய் வாங்கிட்டேன்.

சரி, தலைப்புல சொன்ன ஸ்பிரிங்குக்கு வரேன், செகண்டரி எப்பத் திறக்கணும்னு தீர்மானிக்குறது அதுதான். எல்லாம் மாட்டியாச்சு, ஐடில் தேன் மாதிரி, ஆனா முழுசா மிதிச்சா இழுவை இல்ல. நியூட்ரல்ல ரேஸ் பண்ணிப் பாத்து செகண்டரி திறக்கலன்னு முடிவு பண்ணாதீங்க, லோடு இல்லாம அது திறக்கவே திறக்காது. பேப்பர் கிளிப் வைத்தியம்தான் சரி. டயஃப்ரம் (வேக்கம் இழுத்தா செகண்டரியத் திறக்குற ரப்பர் சவ்வு) ராடுல ஒரு கிளிப்பை மாட்டி ஹவுசிங் அடிய ஒட்டித் தள்ளி விட்டு, ஆளில்லாத ரோட்ல ஒரு மிதி மிதிச்சுட்டு வந்து பாத்தா கிளிப் எவ்வளவு இறங்கியிருக்கோ அவ்வளவு திறந்திருக்கு.

என் கிளிப் இம்மியும் அசையல.

கழட்டிப் பாத்தா, ஏற்கெனவே நான் ஆர்வக்கோளாறுல ஒரு தடவை திறந்து மூடினப்ப டயஃப்ரம் ஓரத்தை மடிச்சு வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கேன். சோக் டப்பா வேற குறுக்க நிக்குது, ஹவுசிங்குக்குப் பின்னாடி இருக்குற குட்டி கேஸ்கெட் விழுந்து, டார்ச் அடிச்சு அரை மணி நேரம் தேடுனேன். மூடும்போது ராடை மேல தள்ளி, வேக்கம் ஓட்டைய விரலால அடைச்சுட்டு கைய எடுத்தா ராடு மேலயே நிக்கணும். நின்னா சீல் ஓகே. இதை முதல்லயே செஞ்சிருந்தா ரெண்டு சனிக்கிழமை மிச்சம்.

அதுக்கப்புறம் கிளிப் அசைஞ்சுது, ஆனா மூணுல ஒரு பங்குதான். உள்ள இருந்தது கலர் அடிக்காத ஸ்பிரிங். கலர் கலரா வர்ற ஸ்பிரிங் கிட்ல வெள்ளை ரொம்ப லேசு, கறுப்பு ரொம்ப கெட்டி, மத்ததெல்லாம் நடுவுல. பேராசைல குட்டி மஞ்சளைப் போட்டேன், செகண்டரி சீக்கிரமே திறந்து பழைய 750 மாதிரியே திக்குச்சு. ஊதா போட்டேன். கிளிப் முழு தூரத்துக்கு ஒரு நூல் குறைவா வந்து நின்னுச்சு, திக்கல் சுத்தமா இல்ல. ஸ்பிரிங் மாத்திப் பாக்கப் போறவங்க முதல்ல ரெண்டு ஸ்க்ரூ மூடி இருக்கே, அந்த குயிக் சேஞ்ச் கிட்டை வாங்கிடுங்க. நான் மூணாவது தடவை கழட்டும்போதுதான் ஆர்டர் போட்டேன், வந்து சேர்றதுக்குள்ள வேலையே முடிஞ்சுபோச்சு, டப்பா பிரிக்காம அப்படியே கிடக்கு.

சூட்டுல நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா மட்டும் திணறுது, கார்புல பெட்ரோல் கொதிக்குது போல. அரை இன்ச் ஃபீனாலிக் ஸ்பேசர் (கார்புக்கு அடியில சூடு ஏறாம வைக்குற தட்டு) பாத்து வச்சிருக்கேன், மாவு கணக்குப்படி இடம் இருக்கு. கேம்ஷாஃப்ட் மாத்துற யோசனையும் ஓடுது, அதை வீட்ல இன்னும் சொல்லல. ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குள்ள (டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ரோட்ல நடக்குற பழைய கார் ஊர்வலம்) ஸ்பேசராவது ஏறிடணும், அந்த டிராஃபிக்ல ஊர்ந்து போறப்ப நடு ரோட்ல பானெட்டைத் திறந்துட்டு நிக்க முடியாது. அதுக்கு முன்னாடி சோக் வயரிங். இப்போதைக்கு இக்னிஷன் காயில்ல இருந்து கரன்ட் எடுத்திருக்கேன், அது தப்புன்னு தெரியும், திட்டாதீங்க, இந்த சனிக்கிழமை ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து தனியா இழுத்துடுறேன்.